பாகம் பிரிக்காத காடு

பாகம் பிரிக்காத சொத்து என்றாலே நமக்குத் தலைவலிதான் நினைவுக்கு வரும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டா மாறும். எல்லோரும் சம்மதித்தால்தான் வரப்போரத்து மரத்தைக்கூட விற்க முடியும். ஒருவர் ஊரில் இருக்க மாட்டார், இன்னொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ‘பேசாம பிரிச்சு விட்டுருங்க, அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பார்த்துக்கட்டும்’ என்று ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2 லட்சம் ஏக்கருக்கும் மேலான ஒரு காடு இன்றைக்கும் நிற்கிறது. அந்த மக்கள் அதைப் பாகம் பிரிக்க மறுத்ததால்தான் நிற்கிறது. பிரித்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே நெருக்கியபோதும் மறுத்தார்கள்.

இடத்தின் பெயர் மெனாமினி கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு, நம் மாவட்டம் மாதிரி. ஆனால் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் வெறும் 4,255. விஸ்கான்சினில் 72 கவுண்டிகள் இருக்கின்றன. இதுதான் கடைக்குட்டி, 1961-ல் பிறந்தது. மெனாமினி என்ற பூர்வகுடி மக்களுக்கென ஒப்பந்தத்தில் ஒதுக்கிய நிலமும் இந்தக் கவுண்டியும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள் அடங்குகின்றன. சுமார் 2,35,000 ஏக்கரில் பெரும்பகுதி காடு. கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கிரீன் பே நகரத்துக்கு வடமேற்கே நகர்த்திப் பாருங்கள். வயலும் மேய்ச்சல் நிலமுமாகத் துண்டு துண்டாக வரும் தரை, ஒரு கோட்டுக்கு அப்புறம் சட்டென்று கரும்பச்சையாகிவிடும். அந்தக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருக்கும். மண்ணோ மழையோ அங்கே மாறவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் இதே காடுதான்.

இந்தக் காட்டைச் சுற்றி வேலி போட்டு, யாரும் தொடாமல் காத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 150 வருடங்களுக்கும் மேலாக இதில் மரம் வெட்டி விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே மரத்தைப் போர்டு அடியில் அளக்கிறார்கள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலத் தடிமன். நம் மரக்கடைக் கணக்கில் 12 போர்டு அடி ஒரு கன அடி. 1854-ல் இந்த நிலம் ஒதுக்கப்பட்டபோது அதில் நின்ற மரம் சுமார் 120 கோடி போர்டு அடி என்று மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு வெட்டி எடுத்தது 200 கோடிக்கும் மேல். இன்று நிற்பது சுமார் 170 கோடி. நின்றதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது, இருந்தும் முதலைவிட அதிகமாக நிற்கிறது. எண்கள் அறிக்கைக்கு அறிக்கை கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் எந்த அறிக்கையை எடுத்தாலும் சேதி ஒன்றுதான்: முதல் கரையாமல் வட்டியில் வாழ்ந்திருக்கிறார்கள்.

பூர்வகுடிகள் இயற்கையை நேசிப்பவர்கள், அதனால் காடு பிழைத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். பொய் இல்லை, ஆனால் பாதிதான். நேசம் மட்டும் போதுமென்றால் அமெரிக்கப் பூர்வகுடிகளின் காடுகள் எல்லாமே பிழைத்திருக்க வேண்டும். மெனாமினிகளிடம் அந்த நேசத்தோடு ஒரு பிடிவாதமும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் அவர்கள் வாழ்ந்து திரிந்த நிலம் ஏறக்குறைய 1 கோடி ஏக்கர். மெனாமினி என்ற பெயருக்கே ‘காட்டரிசி மக்கள்’ என்று பொருள். ஏரிகளிலும் ஓடைகளிலும் தானாக விளையும் ஒரு நீர்த் தானியம்தான் அந்தக் காட்டரிசி. 1831, 1836, 1848 என்று வரிசையாக ஒப்பந்தங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நிலம் போனது. 1848 ஒப்பந்தம் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, மேற்கே மினசோட்டாவின் குரோ விங் பகுதிக்குப் போகச் சொன்னது. 1850-ல் அவர்களின் தலைவர் ஆஷ்காஷ் தன் ஆட்களோடு நேரில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, போக முடியாது என்றார். பேச்சுவார்த்தை இழுத்தடித்து, கடைசியில் 1854-ல் சொந்த மண்ணிலேயே, வுல்ஃப் ஆற்றின் கரையில் ஒரு பகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதிலும் ஒரு பங்கு இரண்டு வருடத்தில் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி என்ற வேறொரு பூர்வகுடிக்குக் கொடுக்கப்பட்டது. மிஞ்சியதுதான் இன்றைய காடு.

ஆஷ்காஷ் காட்டைப் பற்றிச் சொன்னதாக ஒரு வழிகாட்டல் அந்த மக்களிடையே வாய்வழியாக வருகிறது. சூரியன் உதிக்கும் பக்கம் தொடங்கி மறையும் பக்கம் நோக்கி வெட்டிக்கொண்டு போ. முற்றியதை, நோயுற்றதை, விழுந்ததை மட்டும் எடு. எல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, மறையும் பக்கமிருந்து உதிக்கும் பக்கம் வெட்டிக்கொண்டு வா. இப்படிச் செய்தால் காடு தீராது. அவர் எந்த வார்த்தையில் சொன்னாரோ, நமக்கு வந்து சேர்ந்திருக்கும் சாரம் இது. காட்டியலில் சுழற்சி வெட்டு என்று பாடம் நடத்துவதெல்லாம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

சரி, அதே சமயத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே என்ன நடந்தது? சிகாகோவும் மற்ற ஊர்களும் கிடுகிடுவென்று வளர்ந்த காலம் அது. அந்த ஊர்களைக் கட்டியது பெரும்பாலும் விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளின் வெள்ளை பைன். ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி தீர்ந்தால் அடுத்தது. வெட்டிய இடத்தில் கிளையும் சருகும் மலை மலையாகக் காய்ந்து கிடந்தன. 1871 அக்டோபர் 8 அன்று பெஷ்டிகோ என்ற மர ஊரில் தீ பிடித்து, குறைந்தது 1,200 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு உயிரைக் குடித்த காட்டுத்தீ வேறு இல்லை. அதே நாளில் சிகாகோவும் எரிந்ததால் பெஷ்டிகோவின் பெயர் வெளியே அதிகம் கேட்கவில்லை. பைன் தீர்ந்ததும் மரக் கம்பெனிகள் அடிக்கட்டை நிலத்தை விவசாயிகள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டன. உழவுக்கு லாயக்கில்லாத மணல் மண்ணில் அவர்கள் பட்ட பாட்டுக்குக் கணக்கில்லை. வரி கட்ட முடியாமல் கைவிட்ட நிலங்களை 1920-களின் கடைசியிலிருந்து கவுண்டிகள் எடுத்துக்கொண்டு, மறுபடி மரம் நட்டு, கவுண்டிக் காடுகள் ஆக்கின. இன்று விஸ்கான்சினில் அப்படிப்பட்ட காடு 20 லட்சம் ஏக்கருக்கும் மேல். அதுவும் பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அது அழித்துவிட்டு மீட்டது. மெனாமினியில் அழிக்கவே விடவில்லை.

விடாமல் இருப்பது சுலபமாக இல்லை. எல்லைக்கு வெளியே பைன் குறையக் குறைய மர முதலாளிகளின் கண் உள்ளே விழுந்தது. ஒதுக்கிய நிலத்தில் பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமைதான், மரம் அமெரிக்க அரசுக்கே சொந்தம் என்று 1870-களில் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்புச் சொன்னது. வேறொரு பழங்குடியின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆனாலும் எல்லோரையும் பாதித்தது. மெனாமினிகள் விழுந்த மரத்தை மட்டும் எடுத்து விற்றார்கள், தடை வந்தால் நிறுத்தினார்கள், மனு மேல் மனு போட்டார்கள். 1890-ல் வந்த சட்டம், வருடத்துக்கு 2 கோடி போர்டு அடி வரை அவர்களே வெட்டி விற்கலாம் என்றது. நாடு முழுக்க இருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளிய காலத்தில், ஒரு காட்டுக்கு ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது இப்படித்தான்.

இதற்கு மூன்று வருடம் முன்னால், 1887-ல் இன்னொரு சட்டம் வந்திருந்தது. கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் துண்டு போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு ஏக்கர் என்று தனித்தனியாகக் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தை வெளியாருக்குத் திறந்துவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். சொந்த நிலம் கையில் வந்தால் அவர்கள் ‘முன்னேறிவிடுவார்கள்’ என்று காரணமும் சொன்னார்கள். விளைவு என்ன? 1887-ல் நாடு முழுக்கப் பூர்வகுடிகளிடம் இருந்த நிலம் 13.8 கோடி ஏக்கர். 1934-ல் மிஞ்சியது 4.8 கோடி. துண்டு கைக்கு வந்ததும் வரி வந்தது, வரியோடு கடன் வந்தது, கடனுக்கு நிலம் போனது. மெனாமினிகளின் அக்கம்பக்கத்திலேயே ஒனைடா மக்களும் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி மக்களும் இப்படித்தான் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள்.

மெனாமினிகள் பிரிக்க ஒத்துக்கொள்ளவில்லை. காடு மொத்தமாக எல்லோருக்கும் என்று நின்றுவிட்டார்கள். காட்டியல் கண்ணால் பார்த்தாலும் இதன் பலன் பெரிது. 80 ஏக்கர் வைத்திருப்பவருக்கு மகள் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால், நிற்கும் மரம் முழுவதையும் அந்த வருடமே வெட்டித்தான் தீர வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. 2,35,000 ஏக்கரும் ஒரே கையில் இருந்தால், இந்த வருடம் இந்த மூலை, அடுத்த வருடம் அந்த மூலை என்று சுற்றி வரலாம். வெட்டிய இடத்துக்குப் பதினைந்து வருடம் ஓய்வு கொடுக்கலாம். ஆஷ்காஷ் சொன்னதாகச் சொல்லப்படும் கிழக்கு-மேற்கு நடைக்கு, நடப்பதற்கு அவ்வளவு பெரிய நிலம் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

1905-ல் ஒரு பெரும் புயல் மேற்குப் பகுதியில் கோடிக்கணக்கான போர்டு அடி மரத்தைச் சாய்த்தது. அழுகுவதற்குள் அறுத்தாக வேண்டும், பக்கத்தில் சாமில் இல்லை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1908-ன் லா ஃபோலெட் சட்டம். விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபோலெட் கொண்டுவந்தது. காட்டுக்குள்ளேயே சாமில் கட்ட வேண்டும், அதன் வேலை மெனாமினிகளுக்கு, முற்றிய மரங்களை மட்டும் அடையாளமிட்டு வெட்ட வேண்டும் என்றது சட்டம். சாமில் எழுந்த ஊருக்கு ஆஷ்காஷின் மகன் நியோபிட் பெயர். இன்றும் பழங்குடியின் சாமில் அந்த ஊரில்தான் ஓடுகிறது.

முதல் இரண்டு வருடம் அந்த வேலையை நடத்தியது அமெரிக்க வனத்துறை. அதன் அன்றைய தலைவர் கிஃபர்ட் பின்ஷோ. காட்டியல் படிக்க ஐரோப்பா போன இளைஞர் பின்ஷோவுக்கு வழிகாட்டியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரி, 1882-ன் சென்னை வனச் சட்டம் உருவாகக் கைகொடுத்தவர். ஒரே ஆசிரியரின் பாடம் சென்னை மாகாணத்துக் காடுகளுக்கும் விஸ்கான்சின் காட்டுக்கும் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் காட்டில் வாழ்ந்தவர்களைக் கேட்டு அது போகவில்லை.

காகிதத்தில் சட்டம் நன்றாகத்தான் இருந்தது. 1910-க்குப் பிறகு அரசு அதிகாரிகள் சாமிலுக்குத் தீனி போடுவதே குறியாக, சட்டத்தை மீறிப் பெரும் பரப்புகளை மொட்டையடித்தார்கள். மெனாமினிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் காட்டை எங்கள் பெயரில் நிர்வகிக்கிறேன் என்று சொல்லிப் பாழாக்கினீர்கள் என்று அரசாங்கத்தின் மேலேயே 1930-களில் வழக்குப் போட்டார்கள். 1951-ல் 85 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. காட்டை நாசம் செய்ததற்காக அரசு காசு கொடுத்து ஒப்புக்கொண்டது.

அந்தக் காசே அடுத்த வினையாக வந்தது. தங்கள் பணத்திலிருந்து தலைக்கு 1,500 டாலர் பிரித்துக் கொடுக்க மெனாமினிகள் நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்டார்கள். செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்: பழங்குடி என்ற அரசு அங்கீகாரத்தை விட்டுவிடச் சம்மதித்தால் பணம். 1953-ல் அவரே மெனாமினிகளின் ஊரான கெஷீனாவுக்கு வந்து பேசினார். கூட்டத்தில் 169 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. மொத்த உறுப்பினர்கள் மூவாயிரத்துக்கும் மேல். பிடிக்காத விஷயத்துக்கு வாக்களிக்க வராமல் இருப்பதே அவர்கள் வழக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்வது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1954-ல் சட்டம் கையெழுத்தானது. 1961-ல் அமலுக்கு வந்தது. அன்று முதல் மெனாமினி என்ற பழங்குடி சட்டத்தின் கண்ணில் இல்லை. மெனாமினி கவுண்டி பிறந்தது.

எதற்காக இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? சொந்தக் காடும் சாமிலும் வைத்துத் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்ட சில பழங்குடிகளில் இவர்களும் ஒருவர். நன்றாக நடத்துகிறீர்கள், இனி எங்கள் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காட்டை நன்றாகக் காத்ததற்குக் கிடைத்த கூலி இது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

வரி இல்லாத நிலம் வரி கட்டும் நிலமானது. கவுண்டியில் தொழில் என்று இருந்தது சாமில் ஒன்றுதான், சுமை மொத்தமும் அதன் தலையில். காடும் சாமிலும் ஒரு கம்பெனியாக மாறின. ஆளுக்கு 100 பங்கும் 3,000 டாலர் கடன்பத்திரமும் கொடுத்தார்கள். வீட்டு மனையையே கம்பெனியிடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பலர் அந்தப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். சிறுவர்களின் பங்குகளுக்கான ஓட்டு ஒரு வெளியூர் வங்கியின் கையில் இருந்தது. மக்கள் பணத்தில் நடந்த மருத்துவமனை மூடப்பட்டது. மாநிலத்திலேயே ஏழைக் கவுண்டி என்ற பெயர் வந்து சேர்ந்தது.

வரி கட்ட வழி தேடிய கம்பெனி நிர்வாகம் 1960-களின் கடைசியில் நிலத்தை விற்கத் தொடங்கியது. சின்னச் சின்ன ஏரிகளை அணை கட்டி ஒன்றாக்கி, லெஜன்ட் லேக் என்று பெயர் வைத்து, கரையோரத்தை மனை போட்டு நகரத்து ஆட்களுக்கு விடுமுறை வீட்டுக்கு விற்றார்கள். 1887-ல் சட்டத்தால் முடியாத பாகப்பிரிவினை இப்போது வரிச்சீட்டால் நடந்தது.

மக்கள் கொதித்துப்போனார்கள். 1970-ல் டிரம்ஸ் என்ற இயக்கம் உருவானது. மனை விற்பனை நடக்கும் இடத்துக்கே போய் நின்று போராடினார்கள். 1971-ல் மாநிலத் தலைநகர் மேடிசன் வரை நடந்தார்கள். காட்டுக்குள் மரவீட்டில் வளர்ந்து, சமூகப்பணி படித்த ஏடா டியர் என்ற பெண் வாஷிங்டனில் போய் உட்கார்ந்து, நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். 1973 டிசம்பர் 22 அன்று அதிபர் நிக்சன் மெனாமினி மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அங்கீகாரத்தைப் பறித்த சட்டம் ரத்தானது. நிலமும் காடும் மீண்டும் பொதுச் சொத்தாயின. ஏடா டியர் பின்னாளில் நாட்டின் பூர்வகுடி விவகாரத் துறைக்கே தலைவரானார். 2023-ல் மறைந்தார். ஆனால் விற்ற மனை விற்றதுதான். லெஜன்ட் லேக் கரையில் இன்றும் வெளியார் வீடுகள் இருக்கின்றன. மனை விற்பனைக்கு வரும்போது பழங்குடி அரசு தன் காசைக் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறது. பிரிக்க ஒரு பத்திரம் போதும், சேர்ப்பதற்கு எத்தனை தலைமுறை ஆகும் என்று சொல்ல முடியாது.

இப்போது காட்டுக்குள் போவோம். வேலை எப்படி நடக்கிறது?

காடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டு வரும். அதற்கு முன்னால் அடையாளமிடும் ஆட்கள் போவார்கள். கையில் சாயம் பீய்ச்சும் துப்பாக்கி. ஒரு சுகர் மேப்பிள் மரத்தின் முன் நிற்பவர் முதலில் தலையை அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார். உச்சிக்கிளை காய்ந்திருக்கிறதா, தழை அடர்த்தியா, தளர்ந்திருக்கிறதா? பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். பட்டையில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா, அடிமரத்தில் காளான் தட்டு முளைத்திருக்கிறதா? காளான் இருந்தால் உள்ளே கூடு விழுந்திருக்கும். அப்புறம் சுற்றி நிற்கும் மரங்கள். இதை எடுத்தால் எந்தக் கன்றுக்கு வெயில் கிடைக்கும்? அவர் மனதுக்குள் ஓடும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த முறை நாம் வரும்வரை, இன்னும் பதினைந்து வருடம், இந்த மரம் தாங்குமா? தாங்காதென்றால் சாயம். தாங்கும், இன்னும் பெருக்கும் என்றால் நகர்ந்துவிடுவார். வைரம் பாய்ந்த, நேரான, இன்று நல்ல விலை போகும் மரமாக இருந்தாலும் நகர்ந்துவிடுவார். சந்தை விலை பார்த்து வெட்டும் இடங்களில் முதலில் போவது அந்த மரம்தான், கோணலும் சொத்தையும் நிற்கும். விதை விழுவதும் அந்தக் கோணல்களிலிருந்துதான். மெனாமினியில் தலைகீழ். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் காட்டின் தரம் ஏறுகிறது.

எல்லா மரத்துக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேப்பிள், ஹெம்லாக் நிழலில் வளரும், ஒற்றை ஒற்றையாக எடுக்கலாம். ஆஸ்பென் முழு வெயில் இல்லாமல் எழும்பாது, அதற்குப் பரப்பாக வெட்டித்தான் ஆக வேண்டும். வெள்ளை பைன் இடைப்பட்ட ரகம். முழு வெயிலில் விட்டால் ஒரு வண்டு வந்து நுனிக் குருத்தைத் தின்றுவிடும், மரம் கோணலாகிப்போகும். அதனால் மேலே பெரிய மரங்களைக் கொஞ்சம் விட்டு, சல்லடை நிழலில் கன்றுகளை வளர்த்து, தலை தூக்கிய பிறகு மேலே உள்ளதை எடுக்கிறார்கள். ஆளாளுக்குக் கைவைத்தியம் மாதிரி, இடத்துக்கு இடம் மண்ணையும் தரைச் செடிகளையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். தீயும் ஒரு கருவி. முன்னோர்கள் பைன், ஓக் காடுகளில் அளவாகத் தீ வைத்துத் தரையைத் துப்புரவாக்கினார்கள். அரசு அதை நிறுத்தியதும் மேப்பிள் ஏறி ஓக் கன்றுகளை மூடியது. இப்போது கட்டுப்படுத்திய தீ மறுபடி வந்திருக்கிறது.

நினைவை நம்பி இந்தக் கணக்கு ஓடவில்லை. 1960-களிலிருந்து காடெங்கும் நிரந்தர அளவுத் திட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மரத்துக்கு எண் உண்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே மரத்தைத் தேடிப்போய் நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவை எடுக்கிறார்கள். எவ்வளவு பெருத்தது, எது செத்தது, புதிதாக எது நுழைந்தது எல்லாம் பதிவாகிறது. அந்த வளர்ச்சியிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு வெட்டலாம் என்ற வரம்பு வருகிறது. அந்த வரம்புக்குள் காடு என்ன கொடுக்கிறதோ அதைச் சாமில் அறுத்து விற்கிறது. பெரும்பாலான ஊர்களில் ஆர்டர் முதலில் வரும், காடு பின்னால் போகும். இங்கே காடு முன்னால் நடக்கிறது. இதற்கு விலையும் உண்டு. சந்தையில் ஓக்குக்கு நல்ல விலை இருக்கும் வருடத்தில் ஆலைக்குப் பாஸ்வுட் வரலாம். லாபம் பல வருடங்களில் மெலிந்துதான் இருக்கும். அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

1990-களில், பொறுப்பான காட்டியல் என்று வெளி நிறுவனங்கள் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியபோது, அமெரிக்காவில் முதன்முதலில் அதைப் பெற்ற காடுகளில் இதுவும் ஒன்று. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு விஸ்கான்சினின் பூர்வகுடிக் காடுகளையும் பக்கத்துக் காடுகளையும் ஒப்பிட்டது. பூர்வகுடிக் காடுகளில் மரங்கள் முதிர்ந்தவை, அடர்ந்தவை. கன்றுகளும் நன்றாக வருகின்றன. மரக்கன்றுகள் நன்றாக வருவதற்கு முக்கியக் காரணம், மான் பெருகாமல் இருப்பது. மற்ற இடங்களில் மான் பெருகி ஹெம்லாக் கன்றை முளைவிட முளைவிட மேய்ந்துவிடுகிறது. வேட்டையாடி உண்ணும் மெனாமினிகளின் காட்டில் மான் அளவோடு இருக்கிறது. மரம் எண்ணுவதோடு காட்டியல் முடியவில்லை என்று இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்றைய கஷ்டங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஓக் வாடல் நோய் உள்ளே வந்திருக்கிறது. அது ஒரு பூஞ்சை. பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அதன் வழியாகவே பரவும். நோய் கண்ட இடத்தில் மரத்தை வெட்டினால் போதாது, அடிக்கட்டையைத் தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அப்படிப் பெயர்த்த திட்டுகளில் என்ன நடுவது? அந்தக் கன்று முற்றும்போது அங்கே இன்றைய குளிர் இருக்காது. அதனால் சூடான காலநிலையையும் தாங்கக்கூடிய மரங்களைக் கலந்து நட்டுப் பார்க்கிறார்கள். மெனாமினிகள் நடத்தும் கல்லூரியில் 1993-லேயே நிலைத்த வளர்ச்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் ஆட்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

குளிர்காலம் சுருங்குவது வெட்டும் வேலையையும் நேராகத் தொடுகிறது. சதுப்பான இடங்களுக்குள் வண்டி போக வேண்டுமென்றால் தரை உறைந்து கல்லாக இருக்க வேண்டும். உறையாத மண்ணில் இயந்திரம் இறங்கினால் வேர் நசுங்கும், மண் இறுகும். பனி தாமதமாக வந்து சீக்கிரம் போனால் அந்த வருடம் அந்தப் பகுதிகளைத் தொடாமல் விட வேண்டியதுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய குறை ஆள். காட்டுக்குள் விடியற்காலை இறங்கி மரம் சாய்க்கிற வேலை ஆபத்தானது, கருவிகள் விலை அதிகம், வருமானம் நிலையில்லை. வெட்டுக்காரர்களுக்கு வயதாகிறது. இளையவர்கள் அவ்வளவாக வருவதில்லை. சாமிலிலும் ஆள் பற்றாக்குறை. வரம்பை மீறி வெட்டிவிடுவார்களோ என்று நூறு வருடம் காவல் காத்த காட்டில், வரம்புக்குள் இருப்பதைக்கூட வெட்டி முடிக்க முடியாத நிலை வந்திருக்கிறது. வெட்டாமல் விட்டால் நல்லதுதானே என்று தோன்றும். நோயுற்றது நின்றபடியே அழுகும், நிழல் விலகாமல் பைன், ஓக் கன்றுகள் மேலே வராது, இந்தக் காட்டை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பங்களுக்கு வேலையும் குறையும். அதனால்தான் இளையவர்களை இந்த வேலைக்குப் பழக்கிக் கொண்டுவருவது பற்றியே அங்கே இப்போது அதிகம் பேசுகிறார்கள். சாயம் பூசிய மரங்கள் வெட்டுகிறவர்களுக்காக நிற்கின்றன, சில பகுதிகளில் ஒரு குளிர்காலம் தாண்டி இன்னொரு குளிர்காலமும்.